முகட்டில் காத்திருந்தவர்

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் ஒன்று உண்டு, இப்போது இல்லை. ஃப்ரீவேயில் பக்கத்து லேனில் பெரிய ட்ரக் வந்தால் பயம். லிஃப்ட் ஒரு நொடி தாமதித்துத் திறந்தால் பயம். விடியற்காலையில் ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே கை சில்லிட்டுவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். நான் பார்த்த பேய்களில் பாதி நிஜப் பேய்தான் என்பது என் கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கலிபோர்னியாவில் டப்ளினில் குடியிருந்தோம். அப்போது என் எல்லாப் பயத்துக்கும் தலைமைப் பயம் ஒன்று இருந்தது. அது அவருடைய நெஞ்சு. என் மாமனார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. நாற்பத்து நான்கு வயது. என் கணவருக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. அந்த வருடம் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அந்தப் பேனாவை வைத்த விதம்தான் தன்னைப் பயமுறுத்தியது என்று இவர் பிற்பாடு சொன்னார். இவருக்கும் பயம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வாரம் நெய் இல்லாமல் சாப்பிட்டார். அடுத்த வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கிற மின்னசோட்டாக்காரர் ஒருவரோடு சியரா மலைக்குப் போய், முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்.

"அம்மிணி, மார்ச்ல ஒரு ஸ்கீ ரேஸ். முப்பது கிலோமீட்டர். நான் பேரு குடுத்துட்டேன். ஹார்ட்டுக்கு இதைவிட நல்ல எக்சர்சைஸ் உலகத்துலயே கிடையாதாம்."

டிவியில் மலையுச்சியிலிருந்து அம்பு மாதிரி பாய்ந்து வருவார்களே, அந்த ஸ்கீ என்று நினைத்து நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அது இல்லையாம். இது கிராஸ் கன்ட்ரி. மேட்டிலும் சமதளத்திலும் தன் காலாலேயே தள்ளிக்கொண்டு போவது. மேலே ஏற்றிவிட இழுவை கிடையாது. ஒல்லியான இரண்டு நீளப் பலகைகள், இரண்டு கோல்கள், நெஞ்சில் இருக்கிற மூச்சு. அந்தக் கடைசிச் சாமான்தான் என் கவலை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, நெஞ்சைக் காப்பாற்ற என்று கிளம்பி அந்த நெஞ்சையே மூன்று மணி நேரம் ஓட்டு ஓட்டென்று ஓட்டப் போகிறார்.

தடுத்துப் பார்த்தேன். அவர் பிடித்தால் பிடித்ததுதான். அதனால் நானும் கூடப் போவதென்று முடிவு செய்தேன். தைரியத்தில் எடுத்த முடிவு இல்லை. அவர் எங்கேயோ பனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட, பக்கத்திலிருந்து பார்ப்பது மேல் என்று தோன்றியது. சனிக்கிழமைகளில் மகளைப் பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுப் போவோம். அவளுக்கு எட்டு வயது. "யூ கைஸ் ஆர் ஸோ வியர்ட்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அறுநூற்று எண்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் ஏறி, எண்பதைப் பிடித்து, சாக்ரமெண்டோ தாண்டி மூன்று மணி நேரம். மலை ஏறத் தொடங்கியதும் சாலை ஓரத்தில் செயின் போடச் சொல்லி போர்டு வரும். டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டிய சாலையில் மனிதன் எதற்காகப் போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ரேடியோ சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

மேலே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் எங்களைவிட இளையவள், மூக்குத் தோல் உரிந்த பெண். பனியில் இயந்திரம் வைத்து இரட்டைத் தடம் இழுத்து வைத்திருப்பார்கள், ரயில் தண்டவாளத்தைப் பள்ளமாக்கின மாதிரி. அதில் பலகைகளை வைத்து ஒரு காலை உதைத்து, மறு காலின் மேல் முழு உடம்பையும் ஏற்றி வழுக்க வேண்டும். அப்புறம் அந்தக் கால் உதைக்கும், இது வழுக்கும். பாரத்தைப் பாதி இங்கே பாதி அங்கே என்று பிரித்து வைத்தால் நடக்கலாம், வழுக்க முடியாது. அவருக்கு இது இரண்டாவது வாரமே பிடிபட்டுவிட்டது. எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஒற்றைக் காலை நம்பி முழு உடம்பையும் ஒப்படைக்க எப்படி மனசு வரும்? நான் பலகை கட்டிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

இறக்கம் அதைவிட மோசம். முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து, பனியை உழுகிற மாதிரி அழுத்திக்கொண்டே வேகத்தைக் குறைக்க வேண்டும். எனக்கு முன்முனைகள் சேரும், பின்முனைகள் விரியாது. இரண்டு தடவை குப்புற விழுந்த பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இறக்கம் வந்தால் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்து இறங்கிவிடுவேன். குழந்தைகள் என்னைத் தாண்டி வழுக்கிப் போகும். போகட்டும், அவர்களுக்கு இன்னும் எலும்பு முற்றவில்லை.

முதல் நாளே அந்தப் பெண் ஒவ்வொருவரின் காலரையும் விலக்கி உள்ளே என்ன துணி என்று பார்த்தாள். இவரிடம் வந்ததும் நின்றுவிட்டாள். உள்ளே வெள்ளை வெளேரென்று திருப்பூர்ப் பனியன், அவருடைய சித்தப்பா கம்பெனிச் சரக்கு. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஓடுகிறவரை தெரியாது, நின்றால் உடம்போடு உறைந்துவிடும், இங்கே பருத்தி ஆளைக் கொல்லும் என்றே சொல்வோம் என்றாள். இவர் முகம் சுண்டிவிட்டது.

காரில் ஏறினதும் ஆரம்பித்தார். "பருத்தி கொல்லுமாமா! நாங்க மூணு தலைமுறையா பருத்தியிலதான் சோறு தின்னுட்டிருக்கறோம். என்னைப் படிக்க வெச்சது பருத்தி. இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அவர் குளித்துவிட்டு வந்தால் முதலில் பனியன், அப்புறம்தான் உலகம். பனியன் இல்லாமல் சட்டை போட்டால் பாதி உடம்பை வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும் என்பார். ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் பாதி பனியன் கட்டுதான். இருந்தாலும் அடுத்த வாரமே கடைக்குப் போய் வியர்வையை வெளியே தள்ளுகிற பிளாஸ்டிக் நூல் உள்சட்டை இரண்டு வாங்கினார். நானும் கூடப் போனேன், என் கண்ணால் பார்த்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்து, என் பயத்தை மறுபடி நெஞ்சுக்கே திருப்பிக்கொண்டேன்.

வாரநாட்களில் டப்ளினிலேயே பயிற்சி. பழைய ரயில் பாதையை மூடிப் போட்ட நடைபாதை ஒன்று எங்கள் வீட்டுப் பக்கம் போகும். அதில் சக்கரம் வைத்த குட்டைப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, கையில் கோல்களோடு போவார். நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, அது மணிக்கட்டு வாட்சுக்கு இதயத் துடிப்பை அனுப்பும். ஒரு அளவைத் தாண்டினால் கீச்சென்று கத்தும். நான் பின்னால் சைக்கிளில் போவேன். அது கத்தும்போதெல்லாம் என் நெஞ்சுக்குள்ளும் கத்தும்.

"எவ்வளவுங்க? எவ்வளவு காட்டுது?"

"பேசாம வா புள்ள. நீ கேட்டாத்தான் ஏறுது."

கோயிலில் ஒரு அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா, ஹஸ்பண்டுக்கு முட்டியில ஏதாவது சர்ஜரி பண்ணினாங்களா? கோல் ஊனிண்டு போறாரே, பார்த்தேன்," என்று இரக்கத்தோடு விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்கீ என்று விளக்குவதற்கு அது சுலபமாக இருந்தது.

மலையில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அவர் வேகத்துக்கு நான் போக முடியாது, என் வேகத்துக்கு அவர் வந்தால் பயிற்சியாகாது. அதனால் அவர் முன்னால் போவார். பாதை பிரிகிற இடத்திலும் மேட்டின் உச்சியிலும் எனக்காக நிற்பார். நான் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த துண்டு. இதில் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டு, கோலால் பனியைக் குத்திக்கொண்டு, பொறுமை இல்லாத பொறுமையோடு நிற்பார். நான் தெரிந்ததும் கையைத் தூக்குவார்.

ரேஸுக்கு முன்னால் கடைசியாக ஒரு நீண்ட ஓட்டம் என்று பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனோம். சாயங்காலம் பனி பெய்யும் என்று டிக்கெட் ஜன்னலில் எழுதி வைத்திருந்தார்கள். காலையில் வானம் கழுவி விட்ட மாதிரி நீலமாக இருந்தது. அதற்குள் திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன். தொலைவான வளையத்தைத் தேர்ந்தெடுத்தார். முதலில் நீண்ட ஏற்றம், அப்புறம் ஒரு இறக்கம், அதைத் தாண்டி மரமே இல்லாத ஒரு முகடு. முகட்டுக்கு அந்தப் பக்கம், நடந்து போகிற தூரத்தில், குளிர் காய்வதற்கு அடுப்பு வைத்த ஒரு மரக்குடிசை. ஹட் என்பார்கள்.

ஏற்றத்தின் உச்சியில் அவரைப் பிடித்தேன். தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். தலையிலிருந்து ஆவி பறந்தது, நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது.

"இன்னிக்கு நூறு மார்க் அம்மிணி. வாட்ச் ஒரு தடவைகூடக் கத்தல," என்று சிரித்தார். "அடுத்து அந்த முகட்டு மேல நிக்கறேன். மெதுவா வா." இறக்கத்தில் குனிந்து பாய்ந்து போய்விட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். வழக்கத்தைவிட நீளமான இறக்கம், ஓரமெல்லாம் பாறை. பலகைகளைக் கழற்றினேன். தடத்துக்கு வெளியே பனி மெத்தென்று இருந்தது, முழங்கால்வரை புதைந்தது. ஒரு காலை எடுத்து வைத்தால் மறு கால் மாட்டிக்கொண்டது. பாதி வழியில் காற்றுத் திரும்பியது. மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு திரை மட்டும். சாயங்காலம் வரவேண்டியது மத்தியானமே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பனி பக்கவாட்டில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வழியில் வேறு ஆளே இல்லை. நான் வாய்விட்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு, தடத்தைக் காலால் தடவித் தடவி இறங்கி, மறுபடி பலகை கட்டி, முகட்டில் ஏறினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம். அவ்வளவு நேரம் அவர் அங்கே நிற்க மாட்டார், ஹட்டுக்குப் போயிருப்பார், புத்தியுள்ள எவரும் போயிருப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போயிருக்க மாட்டார் என்பதும் தெரியும்.

முகட்டில் காற்றுக்கு முழு முதுகையும் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டு இல்லை, உட்கார்ந்து. மடியில் பனி சேர்ந்திருந்தது, அதைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்த்தும் கை தூக்கவில்லை.

நெஞ்சுதான் என்று நினைத்தேன். இத்தனை நாள் பயந்தது வந்தேவிட்டது என்று ஓடிப்போய் விழுந்து அவர் கையைப் பிடித்து வாட்சைத் துடைத்துப் பார்த்தேன். எப்போதும் ஏறி ஏறி என்னைக் கதறவைக்கிற எண், அன்றைக்கு நான் பார்த்தே இராத அளவுக்கு இறங்கிக் கிடந்தது. அது கத்தவில்லை. குறைந்தால் கத்துவதற்கு அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏனுங்க! என்ன ஆச்சுங்க? வலிக்குதா? சொல்லுங்க!"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நடுக்கம் இல்லை. அதுதான் கெட்ட அறிகுறி என்று அந்த மூக்கு உரிந்த பெண் சொல்லியிருந்தாள், குளிர் முற்றினால் நடுக்கம் நின்றுபோகும் என்று. அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். குடித்தவர் மாதிரி நாக்குக் குழறியது.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க போங்க. எம்பட வூட்டுக்காரி பின்னால வந்துட்டிருக்கறா. அவ வந்தப்புறம் வர்றேன்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அந்த ஆளின் கண்ணில் என் முகம் இருந்தது, நான் இல்லை. செத்துப்போவதைப் பற்றி நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பயந்திருக்கிறேன். ஆள் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்க, அந்தத் தலைக்குள்ளிருந்து என்னை யாரோ வழித்து எடுத்துவிடலாம் என்பது என் பயங்களில்கூட வந்ததில்லை.

"நான்தானுங்க! என்னைப் பாருங்க!" என்று உலுக்கினேன். ஈரத்துணியை உடனே கழற்ற வேண்டும் என்று தெரியும். ஜாக்கெட் ஜிப்பில் கை வைத்தேன். அவர் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது. கல்யாணமான ஆளுங்க நான். தப்பா நினைச்சுக்காதீங்க, போங்க."

"எழுந்திருங்க, ஹட்டுக்குப் போலாம்."

"அவ வராம வரமாட்டேனுங்க. மெதுவாத்தான் வருவா. பலகையைத் தோள்ல போட்டுட்டு நடந்து வருவா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இங்க இல்லாட்டிப் பயந்துக்குவா," என்றார்.

பனி அடித்துக்கொண்டே இருந்தது. அவரைத் தூக்கிப் போக என்னால் முடியாது. விட்டுவிட்டு ஆள் கூட்டிவரப் போனால், நான் திரும்பும்போது அவர் இருப்பாரா என்று தெரியாது. வாதாடிப் புரியவைக்க நேரம் இல்லை. என் பெயர் சொல்லி, மகள் பெயர் சொல்லி, ஊர் பெயர் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், தெரிந்த இடத்தைப் பற்றி யாரோ பேசுகிற மாதிரி. ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடியாக இருந்தார். மனைவி வர வேண்டும்.

நான் கண்ணில் அப்பிய பனியைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"உங்க வூட்டுக்காரம்மா ஹட்ல இருக்கறாங்க. அவங்கதான் உங்களைக் கூட்டியாரச் சொல்லி என்னை அனுப்புனாங்க," என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். "அவளா? அங்கயா? என்னைத் தாண்டி எப்பிடிப் போனா?"

"வேற வழியில வந்துட்டாங்க. இறக்கத்துக்குப் பயந்துட்டு."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. "ஆமாங்க, பயப்படுவா," என்று எழ முயன்றார். முடியவில்லை. அவர் பலகைகளைக் கழற்றினேன், என்னுடையதையும் கழற்றிப் பனியில் குத்தி வைத்தேன். அவருடைய கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். தொடுவதற்குக் கூச்சப்பட்டார். மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வழி நெடுக அவருக்கு நான் அவருடைய மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். காப்பி வைத்திருக்கிறாள், கோபமாக இருக்கிறாள், சீக்கிரம் வாருங்கள் என்று. கோபமாக இருக்கிறாள் என்றதும் கொஞ்சம் வேகமாக நடந்தார். இரண்டு இடத்தில் தடம் மறைந்துபோனது. அங்கே பாதையைக் காட்ட நட்டிருந்த மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். குச்சி கண்ணில் படாத ஒரு நிமிஷத்தில், இதோ இங்கேயே இரண்டு பேரும் முடிந்தோம், குழந்தை ஆன்ட்டி வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்போது அவர் முட்டி மோதி நின்றது ஹட்டின் சுவரில்.

உள்ளே யாரும் இல்லை. இரும்பு அடுப்பில் காலையில் யாரோ போட்ட கட்டையின் தணல் மிச்சம் இருந்தது. பக்கத்தில் விறகு. பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு விறகைத் திணித்தேன். திரும்பினால் அவர் கதவில் கை வைத்து நிற்கிறார்.

"எங்கீங்க அவ? இங்க இல்லியே."

"வருவாங்க, உட்காருங்க."

"இல்லீங்க. அவ வெளியதான் இருக்கறா. எனக்குத் தெரியும். நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

கதவைத் திறந்துவிட்டார். பனி உள்ளே கொட்டியது. நான் அவரைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை வைத்துச் சாய்ந்துகொண்டேன். அவர் என் தோளைப் பிடித்து விலக்கினார். பலமில்லாத பிடிதான், ஆனால் விடவில்லை. இந்த ஆள் என்னைத் தேடிக்கொண்டு என்னை விட்டு வெளியே போய்ச் சாகப் போகிறார். இழுபறியில் என் கை அவர் ஜிப்பில் மாட்டி, அது அப்படியே இடுப்புவரை இறங்கியது. உள்ளே அந்தப் பிளாஸ்டிக் நூல் சட்டை. அதன் கழுத்துக்குள்ளே, தோலோடு தோலாக, நனைந்து சாம்பலாகிப் போன வெள்ளைப் பனியன்.

அவர் வாங்கினது எல்லாம் வாங்கினார். பனியனைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. பனியன் துணிக்கணக்கில் வராதே, அதன் மேல்தானே துணி!

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறிவிட்டது. அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன்.

"அறிவு இருக்குதாங்க உங்களுக்கு? எத்தன வாட்டி சொன்னா அந்தப் புள்ள! பருத்தி வேண்டாம் பருத்தி வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே! உங்க சித்தப்பன் கம்பெனி பனியனைப் போட்டுட்டுச் செத்தாத்தான் சொர்க்கத்துல சேர்த்துக்குவாங்களா? கழட்டுங்க முதல்ல! கழட்டுங்கறேன்!"

ஹட்டின் கூரை அதிர்ந்திருக்கும். அவர் கை தளர்ந்தது. நான் கத்திக்கொண்டே சட்டையையும் பனியனையும் தலை வழியாக இழுத்து எறிந்தேன். பட்டையையும் வாட்சையும் கழற்றினேன். என் பையிலிருந்த உலர்ந்த ஸ்வெட்டரைப் போட்டு, என் ஜாக்கெட்டைச் சுற்றி, அடுப்பின் பக்கம் உட்கார வைத்து, அவரை என் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அப்போதும் வாய் நிற்கவில்லை. மாமனாரில் தொடங்கி, ரேஸ், மின்னசோட்டாக்காரர், டயர் சங்கிலிவரை எல்லோரையும் வைது தீர்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அப்புறம் நடுங்கத் தொடங்கியது. பல் கிட்டித்து, பெஞ்சே ஆடுகிற மாதிரி நடுங்கினார். அந்த நடுக்கத்தை அவ்வளவு சந்தோஷமாக யாரும் கட்டிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

"சத்தம் போடாத புள்ள," என்றார். "காது வலிக்குது. எப்ப வந்த?"

பிளாஸ்க்கிலிருந்து சர்க்கரை அதிகம் போட்ட காப்பியை, அவர் சரியாக விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டார். உதட்டில் நிறம் திரும்பியது. எங்கேயோ தூரத்தில் ஸ்னோமொபைல் சத்தம் கேட்டது. மூடும் நேரத்தில் பாதைகளைப் பார்க்க வருகிற ரோந்து வண்டியாக இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சு, அடுப்பு, கதவு என்று மெதுவாக ஒவ்வொன்றாக.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே, எங்க?"

"எந்த அம்மா?"

"என்னையக் கூட்டிட்டு வந்தாங்களே. தோள்ல கை போட்டு, அவ்வளவு தூரம்." கப்பைக் கீழே வைத்தார். "வெளிய பனி கொட்டுது. தனியாவா உட்டுட்ட?"

"அவங்க போயிட்டாங்க. பத்திரமாத்தான் இருப்பாங்க."

"நீ பாத்தியா?"

நான் அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்தேன்.

"அவங்களுக்குக் கையெல்லாம் நடுங்கிட்டே இருந்துச்சு புள்ள. வழி நெடுக உன்னையப் பத்தியே பேசிட்டு வந்தாங்க. ரொம்பப் பயந்து போயிருந்தாங்க, பாவம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல." என் கையைப் பிடித்து லேசாகத் தள்ளினார். "போயி ஒரு தடவை பாரு. அப்பிடி உடக்கூடாது."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் பார்க்காதபடி எழுந்து போய்க் கதவைத் திறந்து, அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, வெளியே யாரும் இல்லை என்று சொன்னேன்.